உண்டியல் நிரம்பிய வாரம்

அலிடாவின் வாய்க்கு நான் எப்போதுமே ரசிகை. எங்கள் துறைமுக ஊரான ரியேகாவின் மீன் சந்தைக்குள் நுழைந்தால் இடப்பக்கம் அவளுடைய பளிங்கு மேடை. பேரம் பேச வந்தவன் பாதியிலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்ன விலைக்கு வாங்கிப் போவான். அவன் போன பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அந்த வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். அந்த வாய் திறப்பதற்கு யாரோ ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தியவள் நான்.

அலிடாவின் கணவன் லிவியோவும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரின் கிழட்டு லிஃப்டுகளில் பாதி அவன் தயவில்தான் ஏறி இறங்குகின்றன. நான் பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிறேன். பெரிய கம்பெனிகளின் சமூகத்தளங்கள் விளம்பரமும் வசவுமாக நாறிப்போன காலத்தில், லிவியோ ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டித் தன் வீட்டுச் சாமான் அறையில் வைத்து, எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு தளம் தொடங்கினான். துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்தை நினைத்து லான்டெர்னா என்று பெயர் வைத்தான். முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது, யாருக்கும் சம்பளமும் கிடையாது. உலகம் முழுக்க இப்படிச் சின்னச் சின்னத் தளங்களை எத்தனையோ லிவியோக்கள் நடத்துகிறார்கள். ஒன்றில் எழுதுவதை மற்றதில் இருப்பவரும் படிக்கலாம், பதில் சொல்லலாம். ஒரு தளத்தை மூடுவதென்றால் மூன்று மாதம் முன்னால் சொல்லிவிடுவது இந்த உலகத்தில் வழக்கம். அதற்குள் அவரவர் தன் நண்பர் கூட்டத்தோடு வேறு தளத்துக்குக் குடிபோய்விடலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், லான்டெர்னாவை மூடியிருந்தாலும் ஒருவரும் நடுத்தெருவில் நின்றிருக்க மாட்டார்கள்.

ஏழு வருடம் ஓடியது. ஊரில் பாதிப் பேர் அதில்தான் அரட்டை அடித்தார்கள், பூனை தொலைந்தால் தேடினார்கள், மேயரைத் திட்டினார்கள். புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு அனுமதி கொடுப்பதும் சில்லறைச் சண்டைகளைத் தீர்ப்பதும் என் வேலை. கடையில் கூட்டமில்லாத காலை நேரங்களில் செய்துவிடுவேன். மற்றதெல்லாம் லிவியோ. மெஷின் படுத்தால் எழுப்புவது அவன். பார்க்கக் கூடாத படம் ஏதாவது வந்துவிட்டது என்று யாராவது புகார் கொடுத்தால், அதைத் திறந்து பார்த்து நீக்குவதும் அவன். அந்தப் படங்களை எனக்குக் காட்டவே மாட்டான். ஒரு தடவை கேட்டேன். “வேணாம் வில்மா, நீ நல்லா தூங்கறவ” என்றான்.

அலிடாவுக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. அது சாமான் அறைக்குள் வந்த அன்றே அவளுடைய முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பானை பால்கனிக்குப் போயிற்று. “என் சக்களத்தி உள்ளே கதகதப்பா இருக்கா, நான் மழையில நிக்கறேன்” என்பாள். பானையைத்தான் சொல்கிறாள் என்று எல்லோரும் சிரிப்போம்.

போன ஏப்ரலில் ஒரு மதியம் லிவியோ கடைக்கு வந்தான். தெற்குக் காற்றும் மழையும். ஈரக் கோட்டோடு வந்து பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்தான்.

“வில்மா, நான் மூடப்போறேன்.”

“கதவைத்தானே? முதல்ல மூடு. கடை பூரா நனையுது.”

“லான்டெர்னாவை.”

கையிலிருந்த கலக்குக் குச்சியை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். எப்போது இப்படிக் கிழடு தட்டினான் என்று எனக்குத் தெரியவில்லை. வாரா வாரம் பார்க்கிற முகம்தான்.

“சரி, மூடு. ஒரு வரி எழுதிப் போடு. களைச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க, வேற இடம் பார்த்துக்கோங்கன்னு.”

“போன வருஷம் எழுதினேனே. களைப்பா இருக்குன்னு. என்ன ஆச்சு? ‘நல்லா ஓய்வெடுத்துட்டு வாங்க’ன்னு ஊரே இதயம் போட்டுச்சு. ரெண்டு நாள் படுத்துட்டு வந்து பார்த்தா புகார் மலையா குவிஞ்சு கெடக்கு.”

“அப்போ வேற காரணம் சொல்லு.”

“அதுக்குத்தான் வந்தேன்.” குரலைத் தாழ்த்தினான், என்னவோ கடை முழுக்க ஒற்றர்கள் இருப்பதுபோல. “மனுஷன் களைச்சுட்டான்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க வில்மா. காசு தீர்ந்துபோச்சுன்னா ஒத்துக்குவாங்க. அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்க முடியாது.”

அவன் திட்டம் இதுதான். புது மெஷின், அது படுத்தால் இன்னொரு மெஷின், ஐந்து வருட மின்சாரம் என்று சேர்த்து இருபதாயிரம் யூரோ வேண்டும் என்று தளத்தில் ஓர் உண்டியல் திறப்பது. ஜூன் மாதம் எங்கள் ஊர்ப் புனிதர் விட் திருநாள் வரை கெடு. அதற்குள் நிரம்பாவிட்டால் மூடுவதாக முன்கூட்டியே அறிவிப்பது.

“மாசம் நூறு யூரோகூட ஆகாதேடா உனக்கு.”

“அதனாலதான் இருபதாயிரம். யாரு தருவா? நம்ம ஊர்க்காரங்க காப்பிக்குக் காசு கொடுக்கறப்பவே மூணு தடவை பில்லைப் பார்ப்பாங்க.” சிரித்தான். பிறகு கோட்டின் உள்பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளைச் சுவர், பச்சை ஜன்னல், கீழே கடல். “உனியே தீவு. செப்டம்பர் கடைசியில பத்து நாள், முன்பணம் கட்டிட்டேன். அங்க கார் கிடையாது. சிக்னலும் சரியா கிடையாதாம். கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. தேன்நிலவுக்கு அப்புறம் அவளை எங்கயும் கூட்டிட்டுப் போகலை.”

“அலிடாவுக்குத் தெரியுமா?”

“சொல்லிடாதே, கும்பிடறேன். அவ காதுல விழுந்தா சந்தை மூடறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். அதோட, கெடு முடியற அன்னைக்கு இதை நானே அவ கையில கொடுக்கணும்.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நல்ல திட்டம் என்றுதான் நினைத்தேன். அவனிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

உண்டியல் திறந்தது. அவன் கணித்தபடியே எல்லாம் நடந்தது. ‘லான்டெர்னா இல்லாம நாங்க என்ன பண்ணுவோம்’ என்று கண்ணீர் விட்டார்கள். ‘நீங்க செஞ்சதுக்கு நன்றி சொல்ல வார்த்தை இல்ல’ என்றார்கள். வார்த்தை இல்லாதவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இதயங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. உண்டியலில் விழுந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மே மாதம் பாதி போய்விட்டது. லிவியோ சவரம் செய்யும்போது பாடுகிறான் என்று அலிடா என்னிடம் வந்து சொன்னாள். “கவலையை மறைக்கறதுக்குப் பாடறான் பாவம்” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு டப்பா நீலத்தை அளவுக்கு மேலேயே கலக்கினேன்.

அப்போதுதான் எகோன் எழுதினான். எகோன் ஒரு வரி ஆலோசகன். சுதந்திரம் பற்றி லான்டெர்னாவில் வாரம் ஒரு பிரசங்கம் செய்வான். அன்றைக்கு எழுதியது: “இருபதாயிரமா? ஊறுகாய்ப் பானை இருந்த அறையில ஓடற பழைய டப்பாவுக்கா? மிச்சம் யார் பையில போகுதுன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு.”

எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே லிவியோவைக் கூப்பிட்டேன். ஏதோ ஒரு லிஃப்டின் தலை மேல் நின்றுகொண்டு அவன் சிரிக்கிறான்.

“எகோன் நல்லா இருக்கட்டும். இனிமே ஒரு சென்ட் விழாது.”

“திருடன்னு சொல்றான்டா உன்னை.”

“சொல்லட்டும். கணக்கு அதிகம்னு சொன்னது சரிதானே. உனியேவுக்கு அவன் குரல் வராது.”

ஆனால் சந்தைக்கு வந்தது. அலிடாவிடம் மீன் வாங்க வந்த ஒருத்தி, தராசில் நெத்திலி ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைப் படித்துக் காட்டிவிட்டாள். அன்று காலை நான் கடையில் இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில் போனைப் பார்த்தேன். சேர வந்திருப்பவர்கள் பட்டியலில் அலிடா. எங்கள் தளத்தில் சேர வேண்டுமென்றால் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். கண்டகண்ட ஆட்கள் நுழையாமல் இருக்க நான்தான் அந்தக் கேள்வியை வைத்தேன். அவள் ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்: “திட்ட.”

சிரித்தேன். மறுத்திருக்கலாம், அதற்கும் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் எகோன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று எனக்கும் ஆசை. அதோடு கூட்டிக் கழித்தும் பார்த்தேன். திட்டு வாங்கினவன் எவனாவது பைக்குள் கை விடுவானா? உள்ளதையும் மூடிக்கொண்டு போவான், லிவியோவுக்கு அது நல்லதுதான். எப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்! அழுத்தினேன். ஐந்து நிமிடம் கழித்து இது வந்தது:

“நான் லிவியோவோட பொண்டாட்டி. மீன் விக்கிறவ. எழுதிப் பழக்கமில்ல, பேசறதைத்தான் எழுதறேன். அந்த டப்பா என் வீட்டுலதான் இருக்கு. அது வந்ததுலேருந்து என் பானை பால்கனியில நனையுது. அதைப் பொறுத்துக்கிட்டேன். ஏழு வருஷமா என் புருஷன் சூடா ஒரு வாய் சூப் குடிச்சதில்ல. கரண்டியைத் தூக்கறப்போ போன் கத்தும். எவனோ எவளையோ ஏதோ சொல்லியிருப்பான், எவனோ அசிங்கமா ஒரு படம் போட்டிருப்பான். அது உங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு இவன் கண்ணால பார்ப்பான். பார்த்துட்டு வந்து ஆறின சூப்பைக் குடிப்பான். என்ன பார்த்தேன்னு என்கிட்டகூடச் சொல்ல மாட்டான். இவனா திருடன்? எகோன் ஐயா, உங்களுக்குக் கணக்கு வேணும்னா நாளைக்குக் காலையில சந்தைக்கு வாங்க, செதில் சீவற கத்தி வெச்சிருக்கேன், உக்காந்து பார்க்கலாம். மத்தவங்களுக்கும் சொல்றேன். நன்றி நன்றின்னு இதயம் போடறீங்களே, என்கிட்ட ஒரு கிலோ மத்தி வாங்கிட்டு நன்றின்னு சொல்லிட்டு நகர்ந்து பாருங்க, தெரியும். வெக்கமா இல்ல உங்களுக்கு?”

படிக்கும்போது வயிறு வலிக்கச் சிரித்தேன். முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கே கண் கலங்கினால் மற்றவர்களுக்கு?

சாயங்காலத்துக்குள் அது எல்லை தாண்டி லுப்லியானா போயிற்று, திரியெஸ்தே போயிற்று, மறுநாள் லிஸ்பனில் யாரோ தங்கள் பாஷையில் மாற்றிப் போட்டார்கள். சொந்தமாகத் தளம் நடத்துகிறவர்கள், ஊர் ஊராக எத்தனை லிவியோக்கள் இருக்கிறார்களோ அத்தனை பேரும், அவர்களுடைய பெண்டாட்டிமார்களும் அதைப் பகிர்ந்தார்கள். பணம் அனுப்பியவர்கள் எல்லோரும் குறிப்பில் ஒரே வாசகத்தை எழுதினார்கள்: ‘ஒரு கிலோ மத்திக்கு.’ முகம் தெரியாதவர்கள் ஐந்தும் பத்துமாக அனுப்பினார்கள். எகோன் மன்னிப்புக் கேட்டு நூறு போட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் உண்டியல் நிரம்பி வழிந்தது.

லிவியோ கூப்பிட்டான். 

“வில்மா, நிரம்பிடுச்சு.”

“பார்த்தேன்.”

“என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறா. ‘ஏழு வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன், உனக்காக ஒண்ணாவது பண்ணிட்டேன்’னு அழறா. நான் என்ன சொல்லட்டும்?”

“உண்மையைச் சொல்லேன்டா.”

“பைத்தியமா உனக்கு? அவ மூஞ்சியை நீ பார்க்கலை.”

“அப்போ பணத்தைத் திருப்பிக் கொடு.”

“என்னன்னு எழுதிக் கொடுக்கறது? மன்னிக்கணும், நீங்க தர மாட்டீங்கன்னு நம்பித்தான் கேட்டேன்னா?”

 

புனித விட் திருநாளன்று படகுக் கழகத்தின் கூடத்தில் விருந்து வைத்தார்கள். பொரித்த கணவாய், வெள்ளை ஒயின், ஆளுக்கொரு கேக். லான்டெர்னாவில் பெயரை மட்டும் பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். அலிடா சிவப்பு உடை போட்டிருந்தாள். எல்லோரும் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். லிவியோவுக்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள், கையடக்கமான ஒரு கம்ப்யூட்டர். எகோன்தான் மேடையேறி வழங்கினான். “இனிமே கடற்கரையில உக்காந்துகூட நம்மளைக் கவனிச்சுக்கலாம்” என்றான். கூடமே கைதட்டியது. லிவியோவும் தட்டினான்.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்தேன்.

“எல்லாருக்கும் நல்ல மனசு. காசு வந்துடுச்சு, சந்தோஷம். இப்போ ஒண்ணு கேக்கறேன். சனி ஞாயிறுல புகார் பார்க்க யாரு வர்றீங்க? என்னால முடியாது, சனிக்கிழமை எங்க கடைக்கு விடுமுறை இல்ல. ரெண்டு பேர் வந்தாக்கூட இவன் கொஞ்சம் மூச்சு விடுவான்.”

 அவரவர் தன் தட்டில் கணவாய் எப்படியிருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். ஒருத்திக்குப் பேரப்பிள்ளை, ஒருவனுக்கு முதுகு, ஒருத்தனுக்கு அந்த மாதிரிப் படங்களைப் பார்க்கிற தைரியம் இல்லையாம்.

“யாரும் வரலைன்னா இந்தக் காசுலேருந்து சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைப்போம்” என்றேன்.

எகோன் பதறிவிட்டான். “வில்மா, சம்பளம்னு வந்துட்டா நமக்கும் அந்தக் கம்பெனிகளுக்கும் என்ன வித்தியாசம்? இங்க யாரும் கூலிக்குச் செய்யலைங்கறதுதானே நம்ம பெருமை. லிவியோவையே கேளுங்க.”

எல்லோரும் லிவியோவைப் பார்த்தார்கள். அவன் அலிடாவைப் பார்த்தான். அவள் சிவப்பு உடையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையில் பூரித்துப்போய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூலிக்கு வேணாம். நானே பார்த்துக்கறேன்” என்றான்.

மறுபடி கைதட்டல். அலிடா என் காதோடு, “சந்தோஷமாத்தானே இருக்கான்?” என்று கேட்டாள். அந்த ஒரு நிமிடம் என் கையில் இருந்தது. வாக்காவது மண்ணாவது என்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “அவனுக்கென்ன, சந்தோஷம்தான்” என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஜூலையில் ஒரு பிற்பகல் அலிடா கடைக்கு வந்தாள். சந்தையிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டு மறுபடி இறங்கி வந்திருக்கிறாள், ஏப்ரன் அப்படியே இருந்தது. அன்றைக்கு லிவியோ வேலைக்குப் போயிருந்தபோது வீட்டுக்கு ஒரு போன் வந்ததாம். உனியே தீவில் அறை வாடகைக்கு விடுகிற அம்மாள். ‘உங்க வீட்டுக்காரர் ரத்து பண்ணிட்டார், கல்யாண நாளுக்குன்னு ஆசையா கேட்டார், பாவம், முன்பணத்தை அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கட்டுமா’ என்று கேட்டாளாம்.

“எப்போ பதிவு பண்ணினார்னு கேட்டேன். ஏப்ரல்லன்னு சொன்னா. உண்டியலுக்கு முன்னாடியே, சிக்னல்கூட இல்லாத தீவுல” என்றாள் அலிடா. “அவன் பாடிக்கிட்டே சவரம் பண்ணது அதுக்குத்தானே. உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் சேர வந்தப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பெயின்ட் டப்பா மேல், ஏப்ரலில் லிவியோ உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த செதிலை நகத்தால் சுரண்டினாள்.

“மூடறதுக்கு வழி பண்ணி வெச்சிருந்தான். நான் போய் ஆணி அடிச்சுட்டேன்.”

“நீ அவனுக்காகத்தானே எழுதினே.”

“ஆமா, அவனுக்காகத்தான்.” ஏப்ரனில் கையைத் துடைத்தாள். “அன்னைக்குச் சனி ஞாயிறுக்கு ஆள் கேட்டியே, யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரலை. அவன்தான் பார்க்கறான்.”

“எனக்குச் சொல்லிக்கொடு.”

“அலிடா, அந்தப் படமெல்லாம் உன்னால...”

“மீன் குடலைக் கையால எடுக்கறவ நான். சொல்லிக்கொடு. அவன்கிட்ட மட்டும் எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே.”

முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவள் எனக்குப் போன் செய்தாள். “பார்த்துட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. அலிடாவுக்குப் பேச்சு வராமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வைத்துவிடவும் இல்லை. பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அவளுக்கு உண்மை தெரியும் என்பது லிவியோவுக்குத் தெரியாது. “பார்த்தியா வில்மா, சக்களத்தியோட ராசியாயிட்டா” என்று என்னிடம் வந்து பூரித்துப்போனான். அவளிடம் உண்மையைச் சொல்லாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று என்கிறான். இரண்டு பேருடைய ரகசியத்தையும் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். எதைத் திறந்தாலும் மற்றவருக்கு வலிக்கும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், முன்பு மூடிக்கொண்டிருந்ததுபோலவே.

செப்டம்பர் கடைசி ஞாயிறு என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாமான் அறையில் புது மெஷின் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்தன. பானை பால்கனியிலேயே இருந்தது. ஜன்னல் வழியாகத் துறைமுகம் தெரிந்தது. தீவுகளுக்குப் போகிற படகு ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. அலிடா மாட்டிறைச்சி சூப்பை மூன்று கிண்ணத்தில் ஊற்றினாள், ஆவி பறந்தது. லிவியோ கரண்டியைத் தூக்கினான். இரண்டு போனும் ஒன்றாகக் கத்தின.

“நீ உக்காரு, நான் பார்க்கறேன்” என்றான் லிவியோ.

“நீ உக்காரு மனுஷா, நான் பார்க்கறேன்” என்றாள் அலிடா.

இரண்டு பேருமே எழுந்து போனார்கள். மற்றவர் பார்த்துவிடக் கூடாது என்று இருவருக்கும் அவசரம். மேசையில் நான் ஒருத்திதான் சூப்பைச் சூடாகக் குடித்தேன்.